"பரிசீலிக்க" என்று ஹைகோர்ட் உத்தரவு, ஒரு பக்கப் பதிலோடு மனுவை முடித்த வட்டாட்சியர்: அவமதிப்பு வழக்கா, புது ரிட்டா?

உள்வாய்க்காரன் (கேள்வி)

வணக்கம். நீர்நிலை வழக்குகளில் பழக்கம் உள்ள அண்ணாச்சிமார் வழி சொல்லணும்.

எங்கள் குளம் தாமிரபரணியின் பாளையங்கால்வாய்ப் பாசனத்தைச் சேர்ந்தது. உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், சில ஓட்டு வீடுகள் இருக்கின்றன. அதற்குக் கிழக்கே கம்பிவேலி போட்டு ஒரு தோப்பு. குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகாலுக்குக் கீழே ஓடையை மறித்து ஒரு சுற்றுச்சுவர். 2023 டிசம்பர் 17, 18 மழையில் மறுகால் பாய வழியில்லாமல் தண்ணீர் ஊருக்குள் ஏறியதற்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் (குளத்துப் பாசன நிலத்துக்காரர்கள்) எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தும் பலனில்லாததால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட் (அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டோம். உத்தரவின் கடைசிப் பத்தி இதுதான்: மனுவின் தகுதி குறித்து நீதிமன்றம் எந்தக் கருத்தும் சொல்லவில்லை, மனுதாரருக்கும் ஆக்கிரமித்துள்ளதாகச் சொல்லப்படுவோருக்கும் வாய்ப்பளித்து, உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரத்துக்குள் வட்டாட்சியர் மனுவைப் பரிசீலித்துச் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும்.

விசாரணைக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. "புலத்தணிக்கை செய்யப்பட்டது. தோப்புக்கு யுடிஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டப்) பட்டா உள்ளது. மற்ற இனங்கள் குறித்து நீர்வளத் துறைக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது." அவ்வளவுதான்.

இது கோர்ட் அவமதிப்பு ஆகாதா? இல்லை, மறுபடி முதலிலிருந்து ரிட் போடணுமா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்தச் சுவராவது எடுபட்டால் போதும்.

கொக்கிரகுளம்

நீங்கள் பெற்றது ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் உத்தரவு இல்லை, பதில் சொல்லச் சொல்லும் உத்தரவு. இனிச் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கிறது. "பரிசீலிக்க" என்று நீதிமன்றம் சொன்னால் அதிகாரி பரிசீலித்தாக வேண்டும். இன்ன முடிவுதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தவறான முடிவு எடுத்தாலும் அது முடிவுதான். அதை எதிர்த்துப் புது வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவமதிப்பு வழக்கில் அந்த முடிவு சரியா தவறா என்று பார்க்க மாட்டார்கள். 1996-ல் ஜே.எஸ். பரிஹார் எதிர் கண்பத் துக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இன்றைக்கும் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

இப்படிப்பட்ட உத்தரவுகளால் வரும் கேட்டை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியிருக்கிறது. 2006-ல் ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகம் எதிர் ஸ்ரீனிவாச ரெட்டி வழக்கில், பிரச்சினைக்குள் போகாமல் வெறுமனே "பரிசீலிக்க" என்று அனுப்பிவைத்தால் அடுத்தடுத்து வழக்குகள்தான் பெருகும் என்றது. இரண்டு வகையையும் அங்கே பிரித்துக் காட்டினார்கள். பழைய முடிவு ஏன் தவறு என்று சொல்லி, எதை எதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று குறிப்பிட்டு அனுப்புவது ஒரு வகை. ஒன்றுமே சொல்லாமல் அனுப்புவது இன்னொன்று. உங்களுடையது இரண்டாவது. ரிட் போடும்போது "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்டிருந்தால் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பழைய மனுவின் வேண்டுதல் பத்தியை எடுத்துப் பாருங்கள்.

அவமதிப்பு வழக்குக்கான காலவரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 20ஆம் பிரிவுப்படி ஓராண்டு. அது உத்தரவு தேதியிலிருந்து ஓடாது, அவமதிப்பு நடந்த நாளிலிருந்துதான் ஓடும். உங்கள் கணக்கில், நகல் வட்டாட்சியர் கைக்குப் போன நாளோடு 12 வாரம் கூட்டினால் வரும் நாள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, கோர்ட்டே அனுப்பிவிடும் என்று இருப்பார்கள். நகல் போய்ச் சேராவிட்டால் 12 வாரமும் தொடங்காது, அதிகாரியும் "எனக்கு வரவில்லை" என்று சொல்லிவிடுவார். ஒரு முகப்புக் கடிதத்தோடு தபாலில் ஒப்புகை வைத்து அனுப்பிவிட்டு, அலுவலகத் தபால் பிரிவில் இன்னொரு நகலைக் கொடுத்து அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும்.

வைகைக்கரை

கொக்கிரகுளம் அண்ணாச்சி சொன்னது பொது விதி. இந்தக் கடிதத்தில் இரண்டு இடத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது என்பது என் கருத்து.

முதலாவது, "வாய்ப்பளித்து" என்ற சொல். அது உத்தரவின் நிபந்தனை. யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்றால், சொன்ன முறையில் பரிசீலனை நடக்கவில்லை. இரண்டாவது, "நீர்வளத் துறைக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது" என்பது முடிவே கிடையாது. சுவரைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் அவர் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுக்காமலே மனுவை மூடிவிட்டார். இந்த அளவுக்கு மட்டும் அவமதிப்பு மனு நிற்கும்.

ஆனாலும் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அவமதிப்பு மனுவில் நோட்டீஸ் போகும். அதிகாரி மன்னிப்புக் கேட்டு, உங்களை ஒருநாள் கூப்பிட்டு விசாரித்து, அதே பதிலை மூன்று பக்கத்தில் எழுதித் தாக்கல் செய்வார். "பாதிக்கப்பட்டால் தனியே வழக்குப் போடலாம்" என்று மனு முடியும். மழைக்காலமும் போய்விடும். அதனால் இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். உத்தரவில் உள்ள வாய்ப்பு அளிக்கப்படவில்லை, இன்ன இன்ன சர்வே எண்களில் முடிவெடுக்கப்படவில்லை என்று இரண்டே பத்தி போதும். புது ரிட்டுக்கும் அது உதவும். ஓராண்டுக்குள் அவமதிப்பு மனு போட வேண்டி வந்தால் அதற்கும் அடிப்படையாக இருக்கும். உத்தரவை நிறைவேற்றாமல் இருப்பது தொடரும் தவறு, அதனால் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று சிலர் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அப்படிப் போடும்போது மனுவில் பதவிப் பெயர் மட்டும் போதாது, ஆளின் பெயரும் வேண்டும். அந்த 12 வாரத்தில் பதவியில் இருந்தவர் யார் என்று பாருங்கள். இடையில் மாறுதல் நடந்திருந்தால் புதிதாக வந்தவருக்கும் நகலைக் கொடுத்து, அவருக்கும் தெரியும் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சர்வே சங்கிலி

சட்டம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். வழக்கு தோற்பதும் ஜெயிப்பதும் பதிவேட்டில். "குளத்தில் ஆக்கிரமிப்பு" என்று மொத்தமாக எழுதினால் அதிகாரிக்கு நழுவ இடம் கிடைக்கும். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு இனங்கள்.

மறுகால் ஓடை: அநேகமாகக் குளத்தின் சர்வே எண்ணில் அது வராது. ஓடைப் புறம்போக்கு என்று தனி எண் இருக்கும். அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வகைப்பாட்டுப் பதிவேட்டில்) அந்த எண்ணுக்கு நேரே வகைப்பாடு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓடை என்றிருந்தால் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியரே நடவடிக்கை எடுக்கலாம். நீர்வளத் துறையின் பதிலுக்குக் காத்திருக்க ஒரு அவசியமும் இல்லை. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவே ஆறு, ஓடை, குளப் படுகையெல்லாம் அரசின் சொத்து என்று சொல்கிறது. ஆகவே சுவருக்கு வழி இதுதான், மூன்றிலும் சீக்கிரம் முடியக்கூடியதும் இதுதான்.

இதில் நடைமுறைப் பிசகு ஒன்று அடிக்கடி வரும். சட்டத்தில் 6ஆம் பிரிவு வெளியேற்றம், 7ஆம் பிரிவு விளக்கம் கேட்கும் நோட்டீஸ். எண் வரிசைப்படி போகக் கூடாது. முதலில் 7, பதிலை வாங்கிப் பரிசீலித்த பிறகு 6. 7 கொடுக்காமல் 6 கொடுத்தால் எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து செய்துவிடும். நீங்கள் பழையபடி முதல் படியில் நிற்பீர்கள். எனவே நோட்டீஸ் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை போடும் குறிப்பு) போட்டு அபராதம் வசூலித்திருந்தால் அந்த விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அது ஆக்கிரமிப்பு என்று துறையே ஒத்துக்கொண்ட ஆவணம்.

உள்வாய் வீடுகள்: குளம் யார் கட்டுப்பாட்டில் என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறைக் குளம். குறைந்தால் ஊராட்சி ஒன்றியக் குளம். பாளையங்கால்வாய்க் குளம் என்பதால் நீர்வளத் துறையின் தாமிரபரணி வடிநிலக் கோட்டத்தில் பதிவு இருக்கும். நீர்வளத் துறைக் குளமாக இருந்தால் 2007ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வரும். அதன்படி அளந்து, எல்லை குறித்து, பதிவேடு தயாரித்து, பிறகுதான் அகற்ற நோட்டீஸ். அளக்காமல் கொடுத்த நோட்டீஸ் நிற்காது.

தோப்பு: இதுதான் சிக்கல். யுடிஆர் என்பது 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அதில் பழைய எண்கள் மாறின, ஏக்கர்-சென்ட் போய் ஹெக்டேர்-ஏர் வந்தது, புலப்படத்தில் லிங்க்ஸ் போய் மீட்டர் வந்தது. அந்த மாற்றத்தில் புறம்போக்கிலிருந்து ஒரு துண்டு உட்பிரிவாகிப் பட்டாவில் ஏறிய இடங்கள் உண்டு. யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, பழைய எண்-புது எண் ஒப்பீட்டுப் பட்டியல், இரண்டு காலத்துப் புலப்படம் எல்லாம் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குளத்தின் மொத்தப் பரப்பு பழையதில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு? 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 100 லிங்க்ஸ் 66 அடி என்று மாற்றிக் கணக்கிடுங்கள். குறைவு எந்த உட்பிரிவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறையவே இல்லை என்று வந்தால், தோப்பு உண்மையிலேயே உள்வாய்ப் பட்டாவாக இருக்கலாம். குளம் நிறைந்தால் தண்ணீர் ஏறும், ஆனால் நிலம் தனியாருடையது என்ற வகை நிலங்கள் நம் பக்கம் நிறைய. அதை ஆக்கிரமிப்பு என்று எழுதினால் உங்கள் மனுவின் மற்ற நியாயமும் கெட்டுவிடும். அப்படியானால் வேலி தண்ணீரைத் தடுக்கிறதா, மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். மறுகாலின் உச்சிமட்டம்தான் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம். அதற்குக் கீழே மண் நிரப்பியிருந்தால் லெவல் எடுத்துக் காட்டிவிடலாம்.

உள்வாய்க்காரன்

ரொம்ப நன்றி. ஓடைக்குத் தனி எண் இருப்பது இப்போதுதான் அ-பதிவேட்டில் பார்த்தேன், ஓடைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் "2007 சட்டம் வந்த பிறகு தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் நீர்வளத் துறைதான்" என்கிறார்கள். அது சரியா? அப்புறம் வீடுகளில் இருப்பவர்கள் கூலி வேலைக்காரர்கள். ஒரே நாளில் இடித்துத் தள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம் இல்லை.

கொக்கிரகுளம்

சரியில்லை. 2015-ல் டி.கே. சண்முகம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. 2007 சட்டம் வந்ததால் 1905 சட்டம் நீர்நிலைகளுக்குப் பொருந்தாமல் போய்விடவில்லை. வருவாய்த் துறை நீர்வளத் துறையைக் காட்ட, அவர்கள் ஊராட்சியைக் காட்ட, கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தச் சுற்றலுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதால்தான் 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் உயர் நீதிமன்றம் இயற்கை நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்ற அரசுக்கே உத்தரவிட்டது. 2007 சட்டம் பிறந்ததும் அதன் பிறகுதான். நீர்நிலையைக் காக்க வந்த சட்டத்தையே நடவடிக்கை எடுக்காததற்குச் சாக்காகச் சொல்வதை ஏற்கவே கூடாது.

வருவாய்த் துறை அரசாணை 540, நாள் 4.12.2014 என்று ஒன்று இருக்கிறது. ஆக்கிரமிப்பு மனுக்களை வட்டாட்சியர் நிலையில் தொடங்கி மேலே கோட்டம், மாவட்டம் என்று எடுத்துப்போக அதில் வழி உண்டு. அதையும் பயன்படுத்தி ஒரு மேல்முறையீடு கொடுத்துவிடுங்கள். "மாற்று வழி இருக்கும்போது ஏன் இங்கே வந்தீர்கள்" என்ற கேள்வி வராது.

வீடுகள் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். 2007 சட்டம் செல்லும் என்று 2010-ல் டி.எஸ். செந்தில்குமார் வழக்கில் தீர்ப்பு வந்தபோதே, பாதிக்கப்படுவோர் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் அகற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கட்டட இடிப்புக்கு 15 நாள் நோட்டீஸ் முதலான நெறிமுறைகளை வகுத்தது. பொதுச்சாலை, நீர்நிலை போன்ற இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் அவை பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதை வைத்து நோட்டீஸே வேண்டாம் என்று அதிகாரிகள் நினைத்தால் அதுவும் தவறு. 2007 சட்டமும் 1905 சட்டமும் கேட்கும் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

புது ரிட்டில் அந்த வீட்டுக்காரர்களையும் தோப்புக்காரரையும் சுவர் கட்டியவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். அவர்களைச் சேர்க்காமல் வாங்கும் உத்தரவு, அவர்கள் மேல்முறையீடு போட்ட அன்றைக்கே ஆட்டம் காணும். வீடு இழப்போருக்கு மாற்று இடம் தரப் பரிசீலிக்க வேண்டும் என்று மனுவில் நீங்களே ஒரு வரி எழுதலாம். வழக்கு அதனால் பலவீனப்படாது, நீதிபதிக்கும் உங்கள் நோக்கம் புரியும்.

வைகைக்கரை

வேண்டுதல் பத்தியை இந்த முறை கவனமாக எழுத வேண்டும். என்னுடைய யோசனை இப்படி: இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள வட்டாட்சியரின் கடிதத்தை வரவழைத்து ரத்து செய்து, இன்ன சர்வே எண்ணில் உள்ள ஓடைப் புறம்போக்கில் 1905 சட்டத்தின் 7, 6ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுத்து முடிக்க வட்டாட்சியருக்கும், குளத்தை வருவாய், நில அளவை, நீர்வளம் மூன்று துறையும் சேர்ந்து அளந்து எல்லைக்கல் நட்டு 2007 சட்டப்படி நடவடிக்கை எடுக்கச் செயற்பொறியாளருக்கும், உத்தரவை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையைக் குறித்த நாளில் தாக்கல் செய்யவும் உத்தரவிட வேண்டும்.

வெறும் மாண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை) கேட்காமல் செர்ஷியோரரியும் (அதிகாரியின் முடிவை வரவழைத்து ரத்து செய்யும் ஆணை) சேர்த்துக் கேட்பது எதற்கு என்றால், அந்தக் கடிதம் உயிரோடு இருக்கும்வரை "ஏற்கெனவே முடிவெடுத்தாகிவிட்டது" என்பார்கள். முந்தைய ரிட் இதற்குத் தடை இல்லை. அதில் தகுதி குறித்து எதுவும் தீர்மானிக்கப்படவில்லை, இந்தக் கடிதம் புது வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடரப் புதிய காரணம்.

அந்தக் கடிதம் சுருக்கமாக இருப்பதே உங்கள் பலம். 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி, ஓர் உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அது நிற்கணும். பின்னால் பதிலுரை போட்டுப் புதுக் காரணம் சேர்க்க முடியாது. "புலத்தணிக்கை செய்யப்பட்டது" என்கிறார். யார் போனார், எந்தக் கல்லிலிருந்து அளந்தார், அறிக்கை எங்கே? கடிதத்தில் ஒன்றும் இல்லை.

அந்த அறிக்கைக்காக வழக்கை மறுபடி பட்டியலிடச் சொல்லிக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். வழக்கை முடித்துவைத்துவிட்டால் கண்காணிப்பு உங்கள் தலையில்; பட்டியலில் இருந்தால் அரசு வழக்கறிஞர் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லணும். 1997-ல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடர் மாண்டமஸ் என்று இந்த முறையைத்தான் கையாண்டது. மழையைக் காரணம் காட்டிச் சுவருக்கு மட்டும் இடைக்கால மனு போடுங்கள். ஓடையை மறித்திருக்கும் பகுதியைத் திறந்துவிட்டால் போதும் என்று அளவாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சர்வே சங்கிலி

அதற்குள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வரணும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: புலத்தணிக்கை அறிக்கையின் நகல், அன்றைக்கு அளந்த வரைபடம், நீர்வளத் துறைக்கு எழுதியதாகச் சொல்லும் கடிதத்தின் நகலும் அனுப்புகைப் பதிவேட்டில் அதன் பக்கமும், உங்கள் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அந்த எண்களில் பி-மெமோ விவரம். அதே கடிதம் வந்ததா என்று வடிநிலக் கோட்டத்துக்கும் தனியாக ஒரு மனு. காரணம் வேண்டுமென்றால் 4(1)(ஈ) பிரிவைக் குறிப்பிடுங்கள். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அலுவலகத்தின் கடமை என்று அதில் இருக்கிறது.

கூட்டு அளவைக்கு நாள் குறித்தால் ஆயக்கட்டுக்காரர்கள் கட்டாயம் போய் நில்லுங்கள். கிராம எல்லையில் உள்ள முச்சந்திக் கல் போன்ற பழைய கல்லிலிருந்து அளவு தொடங்குகிறதா என்று பாருங்கள். கரையின் மேலிருந்தோ வேலி மூலையிலிருந்தோ தொடங்கினால் அங்கேயே எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுங்கள். கல் காணாமல் போயிருந்தால் அதையும் மகசரில் (இடத்திலேயே எழுதும் பதிவில்) எழுதச் சொல்லுங்கள்.

அ-பதிவேட்டை இணையவழிச் சேவைத் தளத்தில் பார்த்ததாகத் தெரிகிறது. அதை வழக்குக் கட்டில் வைக்காதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கையொப்பமும் முத்திரையும் உள்ள நகலாக வாங்குங்கள், யுடிஆருக்கு முந்தையதை மாவட்ட ஆவணக் காப்பறையில் கேளுங்கள். பழைய பதிவேடு பொடிந்துபோயிருக்கும், தேடி எடுக்க நாளாகும். அந்த மனுவை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.